கலவன் பிடுங்கும் கைகள்

தின்கிற உளுந்துக்கும் விதைக்கிற உளுந்துக்கும் என்ன வித்தியாசம்? தாவரவியலைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். ஒரே செடி, ஒரே நெற்று, ஒரே மணி. ஆட்டுக்கல்லில் போட்டால் மாவு, ஈரச் சேற்றில் போட்டால் முளை. ஆனாலும் இரண்டுக்கும் விலை வேறு. தானியத்தை எடை பார்த்து வாங்குகிறோம். விதையை வாக்கை நம்பி வாங்குகிறோம். இது இன்ன ரகம்தான், நூறு போட்டால் இத்தனை முளைக்கும், வேறு எதுவும் இதில் கலக்கவில்லை என்று ஒருவர் முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்குதான் தானியத்தை விதையாக்குகிறது. அந்த வாக்கை உண்டாக்குவது யார்? அது யார் பேரில் விற்கப்படுகிறது? அறம் சார்ந்த கேள்வி இது. இதை நூலகத்தில் உட்கார்ந்து பேச முடியாது. காவிரிப் படுகையின் வயலில் இறங்கித்தான் பேச வேண்டும்.

'புல் பூண்டு' என்று இளப்பமாகச் சொல்வது நம் வழக்கம். தஞ்சாவூரின் செல்வம், கோவில், மடம், மாடிவீடு எல்லாமே ஒரு புல்லும் சில பூண்டுகளும் போட்ட பிச்சை. நெல் புல் குடும்பம். அதற்கு அடியுரமாக மடக்கி உழப்படும் தக்கைப்பூண்டும், நெல்லுக்குப் பின் வரும் உளுந்தும் பயறும் அவரை குடும்பம். வேரில் முடிச்சுகட்டிக் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை இவை. புல் மண்ணிலிருந்து எடுக்கும், பூண்டு திருப்பிக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் படுகை பிழைத்துக் கிடக்கிறது.

சம்பா, தாளடி முற்றி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை விசிறிவிடுவார்கள். தை மாத ஈரத்தில் அது முளைத்துக்கொள்ளும். நெல்லை அறுத்து எடுத்தால் தாளுக்கு நடுவில் பச்சைப்பசேல் என்று உளுந்து நிற்கும். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். அறுபத்தைந்து, எழுபது நாளில் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்துவிடலாம். நெல் தரிசுப் பயறு என்று இதற்குப் பெயர். ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் ரகங்களோடு நிற்காமல், இந்தத் தரிசுக்கென்றே ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்களையும் கொடுத்தது. அறுவடை எந்திரம் வந்த பிறகு இந்தப் பழைய முறை அடிபட்டது. எந்திரம் இறங்க வயல் காய வேண்டும். உளுந்து முளைக்க வயல் ஈரமாக இருக்க வேண்டும். ஈரத்தில் முளைத்ததை எந்திரத்தின் சக்கரம் நசுக்கிவிடும். அறுப்புக் கூலியும் போயிற்று, அதற்கடியில் இருந்த பயறும் பல இடங்களில் போயிற்று.

ஆனால் விதைப் பண்ணையில் ஒரு வேலை மட்டும் இன்றைக்கும் எந்திரத்துக்குப் போகவில்லை. கலவன் பிடுங்குவது.

விதைக்கென்று விடப்பட்ட வயலில் ரகத்துக்கு ஒவ்வாமல் நிற்கும் செடிக்குக் கலவன் என்று பெயர். நெல்லில் உயரம் கூடியது, முந்திப் பூத்தது, கதிரில் மீசை உள்ளது, தூரடி சிவந்தது. உளுந்தில் தண்டின் நிறம் மாறியது, காயில் மயிர் வேறுமாதிரி இருப்பது, மஞ்சள் தேமல் கண்டது. இவற்றைப் பூப்பதற்கு முன்னும், பூக்கும்போதும், முற்றும்போதும் வயல் முழுக்க நடந்து வேரோடு பிடுங்கி வெளியே போட வேண்டும். வயலாய்வுக்கு அலுவலர் சில தடவைதான் வருவார். அதற்கு முன்னும் பின்னும் குனிந்த முதுகோடு வரிசை பிடித்து நடப்பவர்கள் சேரிப் பொம்பளைங்க. "இத ஏன் ஆயி புடுங்குற?" என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்: "இது வேற சாதிப்பா. உட்டா அம்புட்டையும் கெடுத்துடும்."

அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிடுகிறேன்.

1

விதைச் சான்றுத் துறையின் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இனத்தூய்மை. புறத்தூய்மை. கலப்பு. கலவன். பயிர் விலகு தூரம். நெல் விதை வயலுக்கும் பக்கத்து ரகத்துக்கும் இடையில் 3 மீட்டர் விலகு தூரம். உளுந்தில் சான்று விதைக்கு 5 மீட்டர், ஆதார விதைக்கு 10 மீட்டர். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதா? 'தள்ளிப் போ', 'எட்டி நில்', 'மேலே படாதே' என்று நம் பாட்டன் பூட்டன் கேட்ட குரல்தான். யாரைத் தீட்டு என்று வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒதுக்கினார்களோ அவர்களைக் கூப்பிட்டே தம் விதையின் தூய்மையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கை பட்ட விதைக்குத் தூய விதை என்று சீட்டு கட்டுகிறார்கள். இந்த முரண்பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குள் ஒரு பாடம் இருக்கிறது.

விதையின் தூய்மை என்பது என்ன? முதலாவதாக, அது சோதனைக்கு உட்பட்டது. உளுந்து விதையில் 98 சதம் புறத்தூய்மை, 75 சதம் முளைப்பு வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் தோற்றால் எவ்வளவு பெரிய மிராசுதார் வீட்டு உளுந்தானாலும் தானியமாகத்தான் போகும். சாதியின் தூய்மையை எந்தக் கூடத்தில் எவன் சோதித்தான்?

இரண்டாவதாக, அதற்குக் காலக்கெடு உண்டு. சான்று விதையின் சீட்டு ஒன்பது மாதம் செல்லும். அதன் பிறகு மறுபடி சோதித்துத்தான் நீட்டிக்க வேண்டும். மூவாயிரம் வருசமாக ஒரு தடவைகூடப் புதுப்பிக்காமல் செல்லுபடியாகும் சீட்டு பிறப்புச் சீட்டு ஒன்றுதான்.

மூன்றாவதாக, விலகு தூரம் இரண்டு வயலுக்கும் சமம். இந்த வயலிலிருந்து அந்த வயல் 3 மீட்டர் என்றால் அந்த வயலிலிருந்தும் இந்த வயல் 3 மீட்டர்தான். பக்கத்து ரகம் கீழ்ரகம் என்று அதற்குப் பொருள் கிடையாது. நாளைக்குப் பக்கத்து வயலே விதை வயலாகலாம். ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரம் அப்படிப்பட்டதா? ஊர்க்காரன் சேரிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆள் கூப்பிட, வட்டி கேட்க, அடிக்க. சேரிக்காரன் ஊருக்குள் போனால்தான் தூரம் என்று ஒன்று இருப்பது தெரியும்.

நான்காவதாக, விதைச் சட்டத்துக்குக்கூடக் கொஞ்சம் பொறுமை இருக்கிறது. சான்று விதை வயலில் ஆயிரத்துக்கு இரண்டு கலவன் இருந்தால் பொறுத்துக்கொள்கிறது. சாதி ஆயிரத்தில் ஒன்றைக்கூடப் பொறுக்காது. 2003இல் விருத்தாசலம் பக்கம் முருகேசனையும் கண்ணகியையும் காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தது அந்தப் பொறுக்காமைதான்.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். பிறகு 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதி இனத்தைத் தூய்மையாகக் காக்கும் அறிவியல் ஏற்பாடு என்று வாதிட்டவர்களின் உயிரியலையே பிரித்துப் போட்டார். அவர் சொன்னதைப் படுகை வழக்கில் சொன்னால் இப்படி வரும்: பயிருக்கு விலகு தூரம் வைப்பது ஒரு பருவத்து வசதி. மனுசனுக்கு விலகு தூரம் வைப்பது காலத்துக்கும் திருட்டு.

தமிழ் படித்தவர்கள் உடனே இலக்கணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தொல்காப்பிய மரபியல் வெளியே வயிரம் கொண்டதைப் புல் என்றும் உள்ளே வயிரம் கொண்டதை மரம் என்றும் பிரித்தது. அழகான பிரிப்புதான். ஆனால் அதே மரபியல் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று மனுசரையும் பிரிக்கிறது. இடைச்செருகல் என்பாரும் உண்டு. இருக்கட்டும். செருகியவனுக்கு அந்த இடம் எப்படிப் பொருத்தமாகத் தோன்றியது என்பதுதான் கேள்வி. புல்லையும் மரத்தையும் பிரிப்பதுபோல மனுசரைப் பிரிப்பதும் இயற்கைதான் என்று சொல்லாமல் சொல்லிவிடலாம் அல்லவா? வேளாளருக்கு உழுது உண்பது தொழில் என்கிற அந்த நாலு பகுப்பில், உழுதும் உண்ணாதவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

2

பிடுங்குகிறவளின் கண்ணைப் பற்றி யோசிப்போம்.

ஒரு வயலில் லட்சக்கணக்கான தூர்கள். அதில் ஒன்று சற்றே வேறாக நிற்கிறது. அதை நடக்கிற நடையில் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பார்வை படித்து வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக நாற்று பறித்து, நட்டு, களை எடுத்து வருவது. ஆனால் இதற்குப் பெயர் 'கூலி வேலை'. கூலிப் பட்டியலில் களையெடுப்பும் கலவன் எடுப்பும் ஒன்று. களை என்றால் நெல்லல்லாதது, குழந்தைக்கும் தெரியும். கலவன் என்றால் நெல்லுக்குள் நெல்.

இதே கண் இன்னொருவருக்கு இருந்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி. கோணாமணி என்கிற நெல்லில் தானாக மாறி நின்ற செடியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24. அரசின் பொருளியல் தாவரவியலாளர் என்ற ஆங்கிலப் பதவிப் பெயரின் முதலெழுத்துகள்தான் அந்த நெல்லுக்குப் பெயர். அந்தச் செடி நம் ஆயி கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிடுங்கி வரப்பில் போட்டிருப்பாள். அவளுக்கு வேறுபாடு தெரியாமல் போயிருக்காது. வேறாக நிற்பதைக் கண்டால் பிடுங்கத்தான் அவளுக்குக் கூலி, வைத்துப் பார்க்க அதிகாரம் கிடையாது. அவளுக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள இடைவெளி கண்ணில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது.

அந்தக் கலவனின் வம்சம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஜி.இ.பி. 24ஐ ஜப்பானிய நோரின் 10உடன் கலந்து பிறந்ததுதான் ஆடுதுறை 27. 1960களின் நடுவில் தஞ்சைக் குறுவையையே மாற்றிய நெல் அது. வயலில் தானாக மாறி நின்ற ஒன்றும், கடல் தாண்டி வந்த இன்னொன்றும் கூடிப் பிறந்த பிள்ளை. அதைத்தான் பிறகு 'தூய விதை' என்று மூட்டையில் கட்டி, கலப்பு வராமல் காத்தார்கள். தூய்மை என்பது எப்போதும் நேற்றைய கலப்புதான். எந்த மூட்டையைப் பிரித்தாலும் அடியில் ஒரு கலவன் இருப்பான்.

பெயரில்லாத இந்தக் கதை நமக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சதுப்பு நிலத்தை வரப்பு கட்டி நெல் வயலாக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட கறுப்பர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைவித்த அறிவு அவர்களோடு கப்பலேறிப் போனது. உலகச் சந்தையில் அந்த நெல்லுக்குக் 'கரோலினா கோல்டு' என்று பெயர். மாநிலத்தின் பெயர் இருக்கிறது, தங்கத்தின் பெயர் இருக்கிறது. விளைவித்தவர் பெயர் இல்லை.

3

விதைக்கும் பசிக்கும் உள்ள உறவு தனியான ஓர் அறச் சிக்கல். வீட்டில் பிள்ளை பசியில் கிடக்கும்போதும் விதையைத் தொடாமல் காப்பது உழவு சமூகத்தின் பெரிய ஒழுக்கம் என்று சொல்கிறோம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் கதை தெரிந்ததுதான். வேளாளர். மழை இரவில் வீட்டுக்கு வந்த சிவனடியாருக்குச் சோறு போட வழியில்லாமல், பகலில் விதைத்த முளைநெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்து சமைக்கிறார். நாயன்மார் ஆகிறார். விதையைக் காப்பதை விடப் பசித்தவருக்குப் போடுவது பெரிது என்கிறது கதை. நல்ல அறம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வயலை விதைத்த பண்ணையாள் அதே இரவில் தன் பிள்ளைக்காக ஒரு கை முளைநெல்லை வாரியிருந்தால்? சவுக்கும் சாணிப்பாலும் இருந்த தஞ்சாவூர் இது. விதையை உண்பது உடையவன் செய்தால் தொண்டு, இல்லாதவன் செய்தால் களவு. அப்படியானால் அந்த அறம் செயலை எடைபோடுகிறதா, செய்தவனின் பட்டாவை எடைபோடுகிறதா? பட்டினியோடு பத்தாயத்துக்குப் பக்கத்தில் படுத்து அடுத்தவன் விதையைத் தொடாமல் காத்த சனங்களுக்கு எந்தப் புராணமும் இல்லை. படுகையின் விதை இத்தனை நூற்றாண்டு அழியாமல் வந்ததற்கு அந்தப் பட்டினியும் ஒரு காரணம்.

4

சட்டத்துக்கு வருவோம். 2001இல் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வந்தது. உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், வணிகப் பெயர் பொறிக்காமல் விற்கலாம் என்று உறுதி சொன்ன சட்டம். உலக நாடுகள் பலவற்றின் சட்டத்தைவிட நல்ல சட்டம்தான். ஆனால் அதில் உழவர் யார் என்று விளக்கம் இருக்கிறது. தானே நிலத்தில் பயிர் செய்பவர் உழவர். வேறொருவரைக் கொண்டு, நேரடியாக மேற்பார்வை செய்து பயிர் செய்விப்பவரும் உழவர். பாரம்பரிய ரகங்களைக் காப்பவர், தேர்ந்தெடுத்து மேம்படுத்துபவர் உழவர். அந்த இரண்டாம் பகுதியில் ஒரு 'வேறொருவர்' வருகிறாரே, அவர் யார்? வரப்பில் குடையோடு நிற்பவர் சட்டப்படி உழவர். சேற்றில் நிற்பவள் 'வேறொருவர்'.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடுதுறை 27 வந்து குறுவை பெருகியது. பெருகிய நெல்லில் கூலியை உயர்த்திக் கேட்டார்கள் நம் சனங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. வசதி படைத்த பெருநிலக்காரர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. ஆக, அடுத்தவர் கையால் விளைந்த நெல் அவருடைய செயல், அவருடைய உழவு. தீ என்று வந்தால் மட்டும் அவர் கை வேறு, ஆள் கை வேறு. லாபத்துக்குக் கை நீள்கிறது, குற்றத்துக்குக் கை சுருங்குகிறது. இந்த இரண்டு கணக்கையும் ஒரே தராசில் வைக்கச் சொல்வதுதான் நம் வழக்கு.

5

இதற்கு மறுப்புகள் வரும். கூலி கொடுத்தாயிற்றே, பின் என்ன பங்கு? மழை வந்து உளுந்து அழுகினால் நட்டம் உடையவனுக்குத்தானே? நட்டம் அவனுக்கு என்பது உண்மைதான். ஆனால் உளுந்து அழுகிய வருசம் பிடுங்கவும் அடிக்கவும் கூலி கிடையாது என்பதும் உண்மை. அந்த நட்டத்துக்குக் காப்பீடும் கிடையாது, நிவாரணப் பட்டியலில் பெயரும் கிடையாது. தானிய விலைக்குமேல் விதைக்குக் கிடைக்கும் கூடுதல் விலை எதற்குக் கிடைக்கிறது? மழைக்காக இல்லை, மண்ணுக்காக இல்லை. கலப்பில்லை என்ற வாக்குக்காகக் கிடைக்கிறது. அந்த வாக்கு அவள் கண்ணிலிருந்து வந்தது. அதில் அவளுக்குப் பங்கில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு.

இன்னொரு மறுப்பு நம்மவர்களிடமிருந்தே வருகிறது. அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். "கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னாரே அம்பேத்கர். சேற்று வேலையை விட்டாத்தான் விடிவு. நீ என்ன விதையில பங்கு கேளுன்னு திரும்பச் சேத்துக்குள்ள இழுக்குற?" திருப்பூருக்குப் போன பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போகட்டும், படிக்கட்டும், எந்த வேலையும் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கலவன் பிடுங்குவது நம் குலத்தொழில் என்று யாராவது பெருமை பேச வந்தால் அவனையும் வரப்புக்கு வெளியே தள்ளுவோம். ஆனால் கணக்கு முடிக்காமல் போவது வெளியேற்றம் ஆகாது, விரட்டப்படுவதுதான். போகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கணக்கு கேட்கிறோம்.

என்ன கணக்கு? கலவன் எடுப்பு தேர்ச்சி பெற்றவர் வேலை என்று கூலிப் பட்டியலில் தனியாக ஏற வேண்டும். விதை விலையின் கூடுதலில் அந்தக் கைகளுக்குப் பங்கு வேண்டும். விதை உற்பத்தியாளர் பதிவில் நம் பெண்களின் குழுக்கள் சேர வேண்டும். 2024இல் தமிழக அரசு 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று திட்டம் தொடங்கிப் பசுந்தாள் உர விதைகளைக் கொடுத்தது. தக்கைப்பூண்டு விதைக்கு இப்படித் தேவை இருக்கும்போது அதைச் சேரிப் பெண்களே விளைவித்து விற்க என்ன தடை? ஒரே தடைதான், நிலம். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நாகைப் பக்கத்தில் தலித் பெண்கள் பெயரிலேயே பட்டா வாங்கிக் கொடுத்தது. சேரிப் பெண் உடையவளாகவும் முடியும் என்று காட்டிய இடம் அது. கோவில் நிலமும் மடத்து நிலமும் படுகை முழுக்கக் கிடக்கும்போது அது இன்னும் பரவாததற்கு மண் காரணமில்லை.

சான்று விதை மூட்டையில் நீல நிறச் சீட்டு தொங்கும். ரகம், குவியல் எண், சோதித்த நாள், செல்லும் நாள் எல்லாம் அதில் இருக்கும். கலப்பில்லை என்று அந்தச் சீட்டு யார் கண்ணை நம்பிச் சொல்கிறதோ அவளுடைய பெயருக்கு அதில் ஓர் அங்குல இடம் கேட்பது பெரிய ஆசையில்லை. தூய்மை பிறப்பில் வருவதில்லை, குனிந்து செய்த வேலையில் வருகிறது என்பதை ஒவ்வொரு மூட்டையும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறது. மூட்டை ஒத்துக்கொண்டதை ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை இந்தப் படுகையில் விதைக்கப்படுவது எல்லாம் கடன்தான்.